பாதிக் காதுள்ள மஞ்சள் நாய்

பெலார்மினோ கார்கமோ வாசிக்கும்போது ஆள்காட்டி விரலைச் சொல்லுக்குச் சொல் நகர்த்துவார். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அதற்குப் பிறகு மாடு ஓட்டினார். மலைப் பண்ணைகளிலிருந்து துறைமுகம் வரை ஒன்பது நாள் குதிரைப் பயணம். ஒரு வசந்தத்தில் ஆற்றைக் கடக்கும்போது குதிரை சரிந்து அவர் இடுப்பின் மேல் விழுந்தது. மறுபடி சேணத்தில் ஏற முடியாமல் போனபோது, குரல் நன்றாக இருக்கிறதே என்று எங்கள் ஊர் வியா ஞீரேயின் வானொலியில் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. இப்போது அறுபத்தொன்று.

எங்கள் வானொலியில் நாட்டு நடப்பெல்லாம் கிடையாது. ஏரியில் வண்டிப் படகு போகுமா, எந்தப் பாலத்தைத் தண்ணீர் கொண்டுபோயிற்று, எந்தக் கிலோமீட்டரில் மண் சரிந்து கிடக்கிறது, பெட்ரோல் லாரி வந்ததா என்பது முதலில் வரும். அதன் பிறகு ஆளுக்கு ஆள் அனுப்பும் தகவல்கள். தொலைபேசி எட்டாத பண்ணைகளில் மதியம் பன்னிரண்டரைக்கும் மாலை ஆறரைக்கும் அடுப்பை விட்டு எழுந்து வந்து வானொலிப் பெட்டியின் பக்கத்தில் உட்காருவார்கள். தங்கள் பெயர் வருகிறதா என்று கேட்பார்கள். அடுத்தவர் பெயர் வந்தால் இன்னும் கவனமாகக் கேட்பார்கள்.

தகவலை எழுதியபடியே வாசிக்க வேண்டும். இது எங்கள் வானொலியின் ஒரே சட்டம். பெலார்மினோவுக்கு முன்னால் இருந்தவர் கொஞ்சம் படித்த மனிதர். காகிதத்தில் இருப்பதை அழகுபடுத்தி வாசிப்பாராம். ஒரு முறை, "அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள், வியாழக்கிழமை துறைக்கு இரண்டு குதிரை கொண்டு வா" என்று ஒரு பெண் தன் தம்பிக்கு எழுதிக் கொடுத்ததை, "குதிரையோடு வா" என்று வாசித்துவிட்டார். தம்பி ஒரே குதிரையோடு போனான். வயிற்றில் தையல் போட்ட கிழவி அவன் பின்னால் உட்கார்ந்து ஆறு மணி நேரம் வந்தாள். தையல் விட்டுவிட்டது. அந்த மனிதர் மறுமாதமே ஊரை விட்டுப் போய்விட்டார். பெலார்மினோவுக்கு அழகுபடுத்தத் தெரியாது. விரல் நிற்கும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் வாயில் வரும்.

அவர் மேல் பள்ளத்தாக்கு முழுவதும் நம்பிக்கை வைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அவர் மனைவி நெல்டா, தெற்கே நண்டுத் தொழிற்சாலைக்கு ஒரு பருவம் வேலைக்கென்று போனவள். இரண்டு பருவம் ஆயிற்று. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். மாட்டுத் தடுப்பூசி பற்றிய ஒரு தகவலுக்குப் பிறகு அவர் குரல் வந்தது.

"வியா ஞீரேயில் பெலார்மினோ கார்கமோவுக்கு. நான் ஏப்ரலிலும் வரப்போவதில்லை. இனிமேல் காத்திருக்க வேண்டாம். தையல் மெஷினை மட்டும் லாரியில் அனுப்பி வைக்கவும். நெல்டா."

என் அம்மாவின் கத்தி நின்றுவிட்டது. அவர் அடுத்த தகவலை வாசித்தார். யாருக்கோ முட்டைக் கோழி வேண்டுமாம். மாலையிலும், வழக்கப்படி, மதியத் தகவல்களோடு அதையும் இன்னொரு முறை வாசித்தார். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அந்த வாரமே தையல் மெஷின் லாரியில் ஏறியது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாராவது ஒன்றை அப்படியே சொல்லிவிட்டால், "கார்கமோ மாதிரி சொல்லிட்டான்" என்பார்கள்.

நெல்டா போன பிறகு அவருக்கு வாய்த்தது ஒரு நாய். படகில் யாரோ கந்தல் துணியில் சுற்றிப் போட்டுவிட்டுப் போன குட்டி. அதனால் கந்தல் என்ற பொருளில் த்ராப்போ என்று பெயர் வைத்தார். மஞ்சள் நிறம். வலது காது முள்கம்பியில் மாட்டிப் பாதி போய்விட்டது. வானொலி அறையில் அவர் மேசைக்கடியில்தான் படுத்திருக்கும். சில நாள் அது சொறிந்துகொள்ளும் சத்தம் பண்ணைகள் வரை கேட்கும். அவர் பழைய பிக்கப் வண்டியில் எங்கே போனாலும் பின்தட்டில் கட்டாமல் நிற்கும். எங்கள் ஊரில் யாரும் நாயைக் கட்டுவதில்லை.

நான் நகரத்தில் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலுமாகப் பள்ளி முடித்துத் திரும்பியபோது வானொலியில் எனக்கு வேலை கிடைத்தது. கோடையில் முதுகுப் பையோடும் சைக்கிளோடும் வருகிறவர்களுக்காக, பெலார்மினோ வாசித்து முடித்ததும் அதையே நான் ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும். முதல் நாள் அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"கூட்டாத, கொறைக்காத, இலியானா. அவ்வளவுதான் வேலை."

போன குளிர்காலத்தில் ரோசால்பா நாவெல்கின் வந்தாள். தீவுக்காரி. முப்பத்தெட்டாம் கிலோமீட்டரில் இருக்கும் வனக்காவல் சாவடிக்கு மாற்றலாகி வந்தவள். ஊருக்குள் மாதத்துக்கு இரண்டு முறை மாவும் மண்ணெண்ணெயும் வாங்க வருவாள். வந்த புதிதில், உள்ளே வராமல் சன்னல் வழியாகவே, பெரியவரைத் 'தோன்' என்று மரியாதையாக விளித்து எங்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"மிருகத்தப் பாத்ததா யாராவது சொன்னா வாசிங்க, வேணாங்கல. ஆனா கிலோமீட்டர் மட்டும் சொல்லாதீங்க, தோன் பெலார்மினோ. முக்கியமா வெமுல்."

"ஏம்மா, அதுக்கு நோய் ஏதும் ஒட்டிக்குமா?"

"அதுக்கு பயம்னா என்னன்னு தெரியாது. ஆளப் பாத்தா ஓடாம நின்னு பாக்கும். அதான் அதோட நோய்."

வெமுல் மானை எங்கள் நாட்டுச் சின்னத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பள்ளிப் புத்தகத்தின் அட்டையில் பார்த்திருக்கிறோம். நேரில் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெலார்மினோ தலையாட்டினார். எட்டு மாதம் சொன்னபடி நடந்துகொண்டார்.

பிப்ரவரியில் காற்று பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஏரியில் படகு இல்லை. எங்கள் சின்ன ஊரில் எழுபது வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். வானொலிக்குப் பக்கத்தில், ஊரே தோன்யா என்று மரியாதையாக அழைக்கும் த்ரான்சித்தோவின் கடை. மூன்றாம் நாள் காலை அவள் எங்கள் சன்னலைத் தட்டினாள்.

"இந்தப் படகு எப்பத்தான் போகும்? ரொட்டி தீந்துபோச்சு, பாலாடைக்கட்டி தீந்துபோச்சு. அடுத்து இவங்க என்னையே தின்னுடுவாங்க."

"காத்துக்கு நான் எசமான் இல்ல, தோன்யா."

"எசமான் மாதிரிதான தெனம் ரெண்டு வேள பேசறீங்க! வெளிய வந்து பாருங்க. ஒங்க குரலுக்காகத்தான் அத்தன பேரும் தவம் கெடக்குறாங்க. வேற பொழுதுபோக்கு?"

அவர் எட்டிப் பார்த்தார். கடை வாசலில் மழைச்சட்டையோடு உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒருவன் பெருவிரலைத் தலைகீழாகக் காட்டிச் சிரித்தான். பெலார்மினோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். பதினொரு மணிக்கு லாரிக்காரர் உல்தா வந்து, முழங்கை வளைவு என்ற சாலைத் திருப்பத்துக்குக் கீழே ஆற்றோரக் கூழாங்கல்லில் ஒரு பெண் வெமுல் குட்டியோடு நிற்பதைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டரைக்குப் படகு இல்லை என்று வாசித்தார். காகிதம் முடிந்துவிட்டது. விரல் மேசை மேல் சும்மா கிடந்தது. ஆனால் அவர் பேசிக்கொண்டே போனார்.

"வந்த விருந்தாளிங்க மனசு வாடக் கூடாது. இருபத்தேழாம் கிலோமீட்டர், முழங்கை வளைவு. வெமுல் ஒண்ணு குட்டியோட ஆத்தங்கரைக்கு எறங்கியிருக்கு. எல்லாருக்கும் கெடைக்கிற பாக்கியம் இல்ல. மெதுவாப் போய்ப் பாத்துட்டு வாங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு என் முறை வந்தது. நானும் கிலோமீட்டரைச் சொன்னேன். அரை மணி நேரப் பயணம் என்று நானாக ஒன்றைச் சேர்த்தும் சொன்னேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு அந்த வளைவில் இருபதுக்கு மேல் வண்டிகள் நின்றன. பெலார்மினோ அவர்கள் சந்தோஷப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டார்; என்னையும் கூப்பிட்டார். பின்தட்டில் த்ராப்போ வழக்கம்போல் நின்றிருந்தது. கீழே கூழாங்கல்லில் மான் நின்று எங்களைப் பார்த்தது. பதினைந்து அடி தூரத்தில் ஆட்கள் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். அது காதைக்கூட அசைக்கவில்லை. குட்டி அதன் வயிற்றுக்கடியில் முட்டிக்கொண்டிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர்கள்தான்.

யாரோ பெலார்மினோவை அடையாளம் கண்டுகொண்டார்கள். வானொலிக்காரர் இவர்தான் என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லி, நாலைந்து பேர் மேலே ஏறி வந்தார்கள். கை குலுக்கினார்கள். சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் அவர் எப்படி மாடு ஓட்டினார் என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அவர் குதிரை விழுந்த கதையைச் சொன்னார். நன்றாகச் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு ஒளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கதையின் நடுவில் பிக்கப்பின் பின்தட்டைப் பார்த்தேன். காலியாக இருந்தது. த்ராப்போ எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். சிவப்புத் தொப்பிப் பெண் அடுத்த கேள்வி கேட்டாள். அதை மொழிபெயர்த்தேன்.

சிறிது நேரத்தில் மான் குட்டியோடு புதருக்குள் போய்விட்டது. வண்டிகளும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நாங்கள் கடைசி. அவர் விசில் அடித்தார், காத்திருந்தார், மறுபடி அடித்தார். முக்கால் மணி நேரம் கழித்து நாய் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தது. தொப்பலாக நனைந்திருந்தது. கால்கள் நடுங்கின.

"மொயலத் தொரத்தியிருப்பான், திருட்டுப் பய" என்றார் பெலார்மினோ. கழுத்துத் துணியை அவிழ்த்து அதன் வாயைத் துடைத்தார். உடம்பு முழுவதும் நனைந்திருந்த நாய்க்கு வாயை மட்டும் துடைத்தார். துணியைத் திருப்பிக் கழுத்தில் கட்டிக்கொள்ளாமல் இருக்கைக்கு அடியில் திணித்தார். நான் பார்த்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனபோது மேசைக்கடியில் நாய் இல்லை. அத்தனை வருடங்களில் அவர் அதை வீட்டில் விட்டுவிட்டு வந்தது அன்றுதான். அடுப்பில் விறகு வைத்துவிட்டு எனக்கு மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். தண்ணீர் கொதித்துப்போயிருந்தது, இலை கருகிக் கசந்தது. அவர் ஒருநாளும் அப்படி விடுகிறவர் இல்லை.

பத்து மணிக்கு ரோசால்பா வந்தாள். முழங்கால் வரை சேறு. சட்டைக் கையில் பழுப்பு மயிர் ஒட்டியிருந்தது. உட்காரவில்லை.

"நேத்து நீங்க கிலோமீட்டர் சொன்னதக் கேட்டேன். அதப் பத்தி அப்பறம் பேசிக்கலாம். இப்ப இத வாசிங்க."

காகிதத்தை மேசையில் வைத்தாள். பெலார்மினோ எடுக்கவில்லை. நான் எடுத்து வாசித்தேன்.

"வியா ஞீரே ஊராருக்கும் ஆற்றோரப் பண்ணைக்காரர்களுக்கும். நேற்று மாலை முழங்கை வளைவுக்குக் கீழே ஒரு பெண் வெமுலை நாய் ஒன்று துரத்தி ஆற்றில் இறக்கியிருக்கிறது. மான் செத்துவிட்டது. குட்டியைக் காணவில்லை. அக்கரையில் கூடாரம் போட்டிருந்த சைக்கிள்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். நாய் மஞ்சள் நிறம், நடுத்தர உயரம். வலது காது பாதிதான் இருக்கிறது. உடையவர் காவல் சாவடிக்கு வரவும். குட்டியைக் கண்டால் தொடாமல் தகவல் சொல்லவும். ரோசால்பா நாவெல்கின்."

"மடியில பால் இருந்திச்சு" என்றாள் ரோசால்பா. "அப்ப குட்டிக்கு இன்னும் புல்லு பழகல. இன்னிக்கு நாளைக்குள்ள கெடச்சாத்தான்." பிறகு பெலார்மினோவைப் பார்த்தாள். "நான் வந்து பேசினா அரசாங்கம் பேசுதுன்னு பெட்டிய அணைச்சுடுவாங்க. ஒங்க வாயால வந்தாத்தான் கேப்பாங்க. யார் நாயின்னு ஒங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"மஞ்ச நாய் இந்தப் பள்ளத்தாக்குல பத்துப் பதினஞ்சு இருக்கும்" என்றார்.

"காது?"

"முள்கம்பிதான் எல்லாப் பண்ணையிலயும் இருக்கே."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் மொழிபெயர்ப்பதுபோல் காகிதத்தின் மேல் குனிந்துகொண்டேன்.

அவள் போன பிறகு அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆட்டைக் கடித்த நாயை எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உடையவனே கூட்டிக்கொண்டு போய்ச் சுட வேண்டும். "உன் நாய் என் ஆட்டைத் தொட்டுவிட்டது, நீயே முடித்துவிடு" என்று எழுதி வந்த தகவல்களை அவரே எத்தனையோ முறை வாசித்திருக்கிறார். நாட்டுச் சின்னத்து மானைக் கடித்த நாய்க்கு என்ன மன்னிப்பு இருக்கப்போகிறது?

பன்னிரண்டரை ஆயிற்று. காற்று தணிந்துவிட்டது, படகு இரண்டு மணிக்கு என்று வாசித்தார். வெளியே கைதட்டினார்கள். பிறகு ரோசால்பாவின் காகிதம். விரல் சொல்லுக்குச் சொல் நகர்ந்தது. மான். ஆறு. குட்டி. "நாய் மஞ்சள் நிறம், நடுத்தர உயரம்." விரல் நின்றது. ஒரு மூச்சு விட்டார். விரல் காகிதத்தை விட்டு எழும்பி, ஒரு வரியைத் தாண்டி, அடுத்த வரியில் இறங்கியது. "உடையவர் காவல் சாவடிக்கு வரவும்."

ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளினார். என் கையில் ஆங்கிலத்தில் முழுவதையும் எழுதி வைத்திருந்தேன். காது உள்பட. சைக்கிள்காரர்கள் எங்கேயோ இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். அந்த வரி வந்தது. நானும் அதைத் தாண்டினேன். அவர் என்னிடம் கேட்கவில்லை. கண்ணைக்கூடக் காட்டவில்லை. நானாகத்தான் செய்தேன். பெரியவரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். காலியான பின்தட்டை நான் பார்த்தது யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதுதான் நிஜம்.

பிற்பகல் முழுவதும் யாரும் வரவில்லை. தோன்யா த்ரான்சித்தோ ஒரு தட்டில் பொரித்த ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். மேசைக்கடியில் எட்டிப் பார்த்தாள்.

"எங்க ஒங்க ஆளு? இன்னிக்கு லீவா?"

"ஒடம்பு சரியில்ல."

"ஓ" என்றாள். அவள் அதோடு நிறுத்திக்கொண்டு போனதை நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு உல்தாவின் லாரி நின்றது. இறங்கி வந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

"சாவடியில நிறுத்தி அந்த அம்மா குடுத்தாங்க. மாலைக்கு வாசிக்கணுமாம்." அவர் பெலார்மினோவின் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

இந்த முறை பெலார்மினோவே பிரித்தார். விரலை வைத்து, உதடு அசைய, மெல்ல வாசித்தார். முடித்துவிட்டு என்னிடம் தள்ளினார்.

"வானொலியில் இருக்கும் பெலார்மினோ கார்கமோவுக்கு. என் தகவலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மதியம் கேட்டேன். ஒரு வரி வரவில்லை. நாய் யாருடையது என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த வரி வராததால் தெரிந்துகொண்டேன். ஆங்கிலத்திலும் அது வரவில்லை. மாலையில் இரண்டு மொழியிலும் முழுவதுமாக வாசிக்கவும். ரோசால்பா நாவெல்கின்."

அடுப்பில் விறகு சரிந்தது. அவர் எழுந்து அதைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இத நீ வாசிக்கிறியா, இலியானா?"

"ஒங்க பேருக்கு வந்திருக்கு, தோன் பெலார்மினோ."

"நெல்டாவோடதும் என் பேருக்குத்தான் வந்தது." தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "ஊரெல்லாம் அதப் பெருமையாச் சொல்றாங்க. அது பெருசில்லம்மா. அன்னிக்கி எனக்கு வருத்தம் இருந்திச்சு, கூச்சம் இல்ல. தப்பு நான் பண்ணலையே. மத்தவங்க தப்ப வாசிக்க எவனாலயும் முடியும்."

நான் என் ஆங்கிலக் காகிதத்தை மேசையில் விரித்தேன்.

"நீ ஏன் விட்ட?" என்றார்.

"நீங்க விட்டீங்களேன்னு."

"நான் நாய் மேல இருந்த பிரியத்துல விட்டேன். நீ?"

கூட்டாதே, குறைக்காதே என்று சொன்னவர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆறரைக்கு ஒலிபரப்பு விளக்கு எரிந்தது. சாலை நிலவரம் வாசித்தார். பிறகு முதலில் ரோசால்பாவின் காலைக் காகிதம். விரல் அந்த வரிக்கு வந்தது. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார். "வலது காது பாதிதான் இருக்கிறது." முழுவதும் முடித்தார். பிறகு இரண்டாவது காகிதம். தன் பெயரை, ஒரு அந்நியர் பெயரைப் போல, தெளிவாக வாசித்தார். "அந்த வரி வராததால் தெரிந்துகொண்டேன்" என்ற இடத்தில் குரல் தடுமாறியது. நின்று, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து திரும்ப வாசித்தார். கடைசிச் சொல் வரை போனார்.

காகிதத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னார். முந்தின நாளும் காகிதத்தில் இல்லாததைத்தான் சொல்லியிருந்தார்.

"நாய் என்னோடது. பேரு த்ராப்போ. எடத்தச் சொன்னதும் நான்தான்."

பிறகு தடுப்பூசி, உருளைக்கிழங்கு விதை, யாருக்கோ பேரன் பிறந்தது. வரிசையாக வாசித்தார். ஒலிவாங்கி என்னிடம் வந்தது. நான் ஆங்கிலத்தில் முழுவதையும் வாசித்தேன். மதியம் ஆங்கிலத்தில் வரியை விட்டது நான்தான் என்றும் சொன்னேன். படகு போய்விட்டிருந்தது. ஆங்கிலம் கேட்க ஊரில் அன்று யாருமே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

மறுநாள் காலையில் அவர் த்ராப்போவைக் கயிற்றில் கட்டிப் பின்தட்டில் ஏற்றினார். இருக்கைக்குப் பின்னால் உல்தாவிடம் இரவல் வாங்கிய துப்பாக்கி இருந்தது. நானும் கூடப் போனேன். சாவடி வாசலில் ரோசால்பா பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரவு முழுவதும் தேடியிருப்பாள் போல. கண்கள் உள்ளே போயிருந்தன. நாயைப் பார்த்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"வழக்கம் அதுதானம்மா. ஒங்க கண்ணு முன்னாலயே முடிச்சுடறேன்."

"முடிச்சா ஒங்களுக்குச் சௌகரியம். எல்லாத்தையும் நாய் மேல போட்டுப் பொதச்சிட்டு வீட்டுக்குப் போயிடலாம்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நாயி நாயோட வேலையச் செஞ்சிது. அத்தன பேரக் கூப்பிட்டது நாயா? கட்டிப் போடுங்க. தெனம் அதப் பாருங்க. ஞாயித்துக்கெழம குட்டியத் தேட வாங்க."

பெலார்மினோ திட்டை எதிர்பார்த்து வந்திருந்தார். தண்டம் கட்டச் சொன்னால் கட்டத் தயாராக வந்திருந்தார். இதற்கு எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்தச் சேற்றில் நின்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினோம். உடைந்த இடுப்போடு கூழாங்கல்லில் கோலூன்றி நடந்தார். முதல் வாரம் ஒரு இடத்தில் சின்னக் குளம்படி கிடைத்தது. ஈர மணலில், கோழி முட்டையளவு. அவர் குனிந்து அதன் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான் கிடைத்தது. இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரம் ரோசால்பாவே, "போதும், இனி தேடினா கெடைக்கறது வேற" என்று சொல்லிவிட்டாள்.

பெலார்மினோ இன்றும் வாசிக்கிறார். வானொலிக்காரர்கள் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. போகிறேன் என்று அவர் சொன்னபோது, வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். த்ராப்போ வெளியே மரத்தில் கட்டியிருக்கிறது. வாசிக்கும்போது அதன் சங்கிலிச் சத்தம் கேட்கும். சன்னலை அவர் சாத்துவதில்லை. மிருகம் பார்த்ததாக யாராவது வந்து சொன்னால், "எனக்குச் சொல்லாதீங்க" என்று எழுந்து அடுப்புப் பக்கம் போய்விடுகிறார்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் தகவல் கொண்டுவருகிறவர்கள் காகிதத்தை மேசையில் வீசிவிட்டு, "பாத்துக்குங்க, தோன் பெலார்மினோ" என்று கடைக்குப் போய்விடுவார்கள். இப்போது இரண்டு நகல் எடுத்துவருகிறார்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு அறையிலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார்கள். யாரும் அவரிடம் உண்மையான காரணம் சொல்வதில்லை. கால் வலிக்கிறது என்பார்கள், வெளியே குளிர் என்பார்கள்.

போன வாரம் தோன்யா த்ரான்சித்தோ வந்தாள். தங்கைக்கு இரண்டு வரி. பதினொரு வருடத்துக்கு முன்னால் நெல்டாவின் தகவலை அவர் வாசித்த அன்று கடையில் அழுதவள் அவள். இரண்டாவது நகலை மேலங்கிக்குள் மறைத்து வைத்திருந்தாள். நுனி வெளியே தெரிந்தது. பெலார்மினோ அதைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, தன் தோளுக்குப் பின்னால் இடம் விட்டார்.

"வெளியில எடுங்க, தோன்யா" என்றார். "இங்க வந்து நில்லுங்க. வெளிச்சம் இங்கதான் நல்லாருக்கு."

அவள் முகம் சிவக்க வந்து நின்றாள். அவர் விரல் அவர் காகிதத்தில் நகர்ந்தது. அவள் விரல் அவள் காகிதத்தில் நகர்ந்தது.